புல்வெளியை மூடும் பனிநீர்

ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில், ஹோக்ஷ்வாப் மலைத்தொடரின் அடிவாரத்தில் டிராகெஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் சின்னஞ்சிறு ஏரி ஒன்று உண்டு. உள்ளூரில் அதைக் குரூனர் ஸே என்கிறார்கள். தமிழில் பச்சை ஏரி. குளிர்காலத்தில் இதன் ஆழம் ஒன்றிரண்டு மீட்டர்தான். ஏரியைச் சுற்றிப் புல்வெளி, நடைபாதை, உட்கார்ந்து இளைப்பாற மரப்பலகைகள், ஒரு சிறு மரப்பாலம் என்று ஒரு பூங்காவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

வசந்தத்தில் மலைமேல் பனி உருகத் தொடங்கியதும் ஏரி கரையை விட்டு ஏறுகிறது. மே மாத நடுவிலிருந்து ஜூன் வரையிலான நாட்களில், பனி மிகுந்த ஆண்டுகளில், ஆழம் சுமார் 12 மீட்டரைத் தொடுகிறது. நடைபாதை, பலகை, பாலம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. புல் பசுமை மாறாமல் அடியில் நிற்கிறது. அதில் பூத்த பூக்கள்கூடச் சில நாட்கள் தெளிந்த நீருக்குள் விரிந்தே இருக்கின்றன. பாலத்தின் கைப்பிடிகளுக்கு இடையே டிரவுட் மீன்கள் நீந்துகின்றன. ஜூலையில் நீர் இறங்குகிறது. இலையுதிர் காலத்தில் அதே பாதையில் மக்கள் மறுபடி நடக்கிறார்கள்.

ஆண்டுதோறும் நிகழும் இந்த ஏற்ற இறக்கத்துக்கான காரணத்தை ஏரியில் தேடினால் கிடைக்காது. அது மலைக்குள் இருக்கிறது.

ஓடை இல்லாத மலை

ஹோக்ஷ்வாப் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அதன் உச்சி 2,277 மீட்டர். மேலே பரந்த பீடபூமி. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடியிருக்கும். இவ்வளவு மழையும் பனியும் பெறும் இடத்தில் ஓடைகள் பெருக்கெடுக்க வேண்டும். ஆனால் பீடபூமியில் ஓடைகளைக் காண்பது அரிது. விழும் நீர் அங்கேயே பாறைக்குள் இறங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் எளிய வேதியியல். மழைநீரும் பனிநீரும் காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கின்றன. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்ணிடைக் காற்றில் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மண்ணைக் கடக்கும் நீர் அதையும் ஏற்றுக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையில் உள்ள கால்சியம் கார்பனேட்டை இந்த அமிலம் மெல்லக் கரைக்கிறது. குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும் என்பதால், பனிமலைகளில் இந்த அரிப்பு சளைக்காமல் நடக்கிறது. மயிரிழை அளவு விரிசல் காலப்போக்கில் விரலளவாகிறது, பிறகு குகையாகிறது. மேற்பரப்பில் குழிகள் விழுகின்றன. இப்படி நீரால் உள்ளே குடையப்பட்ட நிலப்பரப்பைப் புவியியலாளர்கள் கார்ஸ்ட் என்று அழைக்கிறார்கள்.

இத்தகைய மலையில் மேலே இறங்கும் நீர் எந்த வழியாகச் சென்று எங்கே வெளிவரும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும். ஜெர்மனியில் அடோல்ஃப் க்னாப் என்ற அறிவியலாளர் 1877இல் செய்த சோதனை புகழ்பெற்றது. இம்மெண்டிங்கன் என்ற ஊரருகே டான்யூப் ஆற்றின் நீர் தரைக்குள் மறைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர் உப்பையும் ஒளிரும் சாயம் 10 கிலோவையும் கரைத்துவிட்டார். சுமார் 60 மணி நேரம் கழித்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் ஆக் ஊற்றின் நீர் பச்சையாக ஒளிர்ந்தது. அதில் உப்புச் சுவையும் ஏறியிருந்தது. ஆக் ஊற்றின் நீர் ரைன் நதியைச் சேர்வது. கருங்கடலுக்குப் போக வேண்டிய நீரில் ஒரு பகுதி, நிலத்தடியில் திசைமாறி வடகடலுக்குப் போகிறது என்று அந்தச் சாயம் நிரூபித்தது. கார்ஸ்ட் நிலத்தில் நீரின் பாதையை அறிய இன்றும் இத்தகைய சாயங்களையே நம்புகிறார்கள்.

தொட்டிக் கணக்கு

பச்சை ஏரிக்கு நீர் தருபவை மலையடியில் தரைக்குள்ளிருந்து சுரக்கும் ஊற்றுகள். ஏரியின் அடித்தளம் பாறைத் துண்டுகளும் சரளையும் நிறைந்தது. வந்த நீரில் ஒரு பகுதி அந்த இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட தொட்டிக் கணக்குதான் இது: ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது. வெளியேறும் வேகம் ஓரளவுக்கு மேல் கூடாது. உள்ளே வரும் வேகமோ பருவத்துக்குப் பருவம் பல மடங்கு மாறுகிறது. வரவு செலவை மிஞ்சும்போது ஏரி ஏறுகிறது. வரவு குறைந்ததும் இறங்குகிறது.

அந்த வரவு ஏன் மே, ஜூனில் குவிகிறது என்பதற்குப் பனியின் இயற்பியல் விடை தருகிறது. குளிர்காலம் முழுவதும் பீடபூமியில் விழும் பனி அங்கேயே அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுகிறது. நன்றாக இறுகிய ஒரு மீட்டர் பனியை உருக்கினால் 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கிடைக்கும். ஆனால் அது ஒரே நாளில் உருகிவிடாது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை, வெப்பநிலை மாறாமல் நீராக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு வெப்பம், அந்த ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றப் போதுமானது. இவ்வளவு வெப்பத்தைச் சூரியனும் வசந்தக் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும். முதலில் தாழ்ந்த சரிவுகளும், பிறகு உயர்ந்த பகுதிகளும் உருகுகின்றன. பாறைக்குள் அகன்ற குகைவழிகளில் இறங்கும் நீர் விரைவில் ஊற்றை அடைகிறது. நுண்ணிய விரிசல்களில் சிக்கிய நீர் தாமதமாக வருகிறது. இவையெல்லாம் சேர்ந்து நீர்வரவைச் சில வாரங்களுக்கு நீட்டித்துவிடுகின்றன. ஏரி ஒரே இரவில் பொங்காமல் படிப்படியாக ஏறுவதும், சில வாரங்கள் நிறைந்து நிற்பதும் அதனால்தான்.

அயர்லாந்தின் சுண்ணாம்பு நிலங்களிலும் இப்படித் தோன்றி மறையும் ஏரிகள் உண்டு. அவை இலையுதிர், குளிர்கால மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து நிரம்புகின்றன. கோடையில் வற்றியதும் அங்கே மாடுகள் மேய்கின்றன. ஸ்லொவேனியாவின் செர்க்னிட்சா ஏரி இவற்றினும் பெரியது. நிறைந்திருக்கும்போது அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி அதுதான்; வற்றும்போது புல் அறுக்கும் நிலம். ஒரே இடத்தில் மீன் பிடிப்பதும், உலர்புல் சேர்ப்பதும், குளிரில் உறைந்தால் பனிச்சறுக்குவதும் அங்குள்ளோருக்குப் பழக்கம். யோஹான் வால்வசோர் என்ற அறிஞர் இந்த ஏரியின் நிலத்தடி வழிகளை விளக்க முயன்று, 1687இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிரம்பி வடியும் ஏரிகள் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிவியலின் கவனத்தைப் பெற்றுவிட்டன.

தெளிவின் காரணம்

பச்சை ஏரியைப் பார்ப்பவர்களை முதலில் வியக்க வைப்பது நீரின் தெளிவு. மலை நீரை வடிகட்டித் தருகிறது என்று பலரும் இதற்குக் காரணம் சொல்வார்கள். மணலும் நுண்மண்ணும் உள்ள நிலத்தில் அது உண்மை. கார்ஸ்ட் மலையில் அப்படி இல்லை. அகன்ற குகைவழிகளில் பாயும் நீர் எதனாலும் வடிகட்டப்படுவதில்லை. மேலே கிருமி கலந்தால் அது கீழே ஊற்றுவரை வந்து சேரும், அதுவும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ.

ஆகவே தெளிவுக்கான காரணங்கள் வேறு. முதலாவது, நீர் வரும் பீடபூமியில் பெரும் பகுதி பாறையும் பனியும்தான். கலங்கச் செய்யும் மண் குறைவு. இரண்டாவது, உணவுச்சத்து இல்லாமை. மிதக்கும் பாசிகள் பெருக பாஸ்பரஸ் வேண்டும். இந்த நீரில் அது மிகக் குறைவு. இருக்கும் சிறிதளவையும் சுண்ணாம்பு கவர்ந்துகொள்கிறது: ஊற்றுநீர் வெளியே வந்ததும் கூடுதலான கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது; கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் நுண்துகளாகப் பிரிகிறது; பாஸ்பேட் அதில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. மூன்றாவது, குளிர். ஜூன் மாதத்திலும் இந்த நீரின் வெப்பநிலை 6 முதல் 8 டிகிரிதான். பனியிலிருந்து பிறந்து, சூரியனைக் காணாமல் பாறைக்குள் வந்து, தேங்கி வெதுவெதுப்பாகும் முன்பே புது நீரால் தள்ளப்படுவதால் அது சூடேறுவதில்லை. குளிரில் பாசிகளின் வளர்ச்சி மந்தமாகிறது.

நிறத்துக்கும் இங்கேயே விடை உண்டு. தூய நீர் சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சிவிடும். ஒரு சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெருமளவு மங்கும். எஞ்சுவது நீலமும் பச்சையும். நீரில் சிறிதளவு கரைந்திருக்கும் கரிமப் பொருள்கள் நீலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. வெளிறிய சுண்ணாம்புத் தரையும் நுண்துகள்களும் மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. அடியில் இருக்கும் புல்வெளி தன் பசுமையையும் சேர்க்கிறது. மரகத நிறம் என்று மக்கள் சொல்வது இவை அனைத்தின் கூட்டு.

மூழ்கியும் சாகாத புல்

வாரக்கணக்கில் நீருக்கடியில் இருக்கும் புல் எப்படி உயிர் பிழைக்கிறது? தாவரமும் மூச்சுவிட வேண்டும். மூழ்கிய இலைக்குக் காற்று எட்டாது. நீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெதுவெதுப்பான சேற்று வெள்ளத்தில் பெரும்பாலான புற்கள் விரைவிலேயே அழுகிவிடும்.

பச்சை ஏரியில் மூன்று சாதகங்கள் உண்டு. குளிர் மிகுதியால் செடியின் சுவாசம் குறைகிறது. சேமிப்பில் இருக்கும் சர்க்கரை நீண்ட நாள் தாங்குகிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜனும் கூடுதலாகக் கரையும். நீர் தெளிவாக இருப்பதால் பல மீட்டர் ஆழத்திலும் வெளிச்சம் கிடைக்கிறது. சுண்ணாம்பு ஊற்றுநீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி என்பதால் ஒளிச்சேர்க்கை முற்றிலும் நின்றுவிடுவதில்லை. மேலும் பல புற்களின் இலைகள் நீர் ஒட்டாதவை. மூழ்கும்போது அவற்றின்மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று தங்கி வாயுப் பரிமாற்றத்துக்கு உதவுகிறது. மூழ்கிய நெற்பயிரில் இப்படலத்தின் பயனை 2009இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது.

நெல்லைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்லத் தகும். இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்ட ஸ்வர்ணா-சப்1 என்ற நெல் ரகம், சுமார் இரண்டு வாரம் முழுக்க மூழ்கியிருந்தாலும் பிழைக்கிறது. வெள்ளத்தில் உயர்ந்து வளர முயன்று சேமிப்பைச் செலவழிக்காமல், வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும்படி அதன் மரபணு ஒன்று கட்டளையிடுகிறது. அந்த நெல்லுக்கு மரபணு தரும் ஓய்வை, டிராகெஸ் புல்லுக்குப் பனிநீரின் குளிர் தருகிறது.

இந்த ஏரியில் வாழும் உயிர்களும் இந்தத் தாளத்துக்குப் பழகியவை. நத்தைகள், நீர்த்தெள்ளுகள், பூச்சிகளின் இளம்புழுக்கள், டிரவுட் மீன்கள் எனப் பட்டியல் நீளமில்லை. உணவுச்சத்து குறைந்த நீரில் உயிர்களும் குறைவாகத்தான் இருக்கும். தெளிவுக்கு ஏரி கொடுக்கும் விலை அது.

மூழ்குபவர்களின் காலம்

தண்ணீருக்குள் பூங்கா என்றால் மனிதர்கள் வராமல் இருப்பார்களா? நீருக்கடியில் பலகையில் உட்கார்ந்து, பாதையில் நடப்பதாகக் காட்டி எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஸ்கூபா மூழ்குபவர்கள் இந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருந்து வந்தார்கள். 2014இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், நாட்டின் மிக அழகான இடமாக மக்கள் இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பிறகு கூட்டம் இன்னும் பெருகியது.

இங்கே மூழ்குவது கடலில் மூழ்குவதைவிடக் கடினம். 6 டிகிரி நீர் உடலில் பட்டதும் மூச்சு திடீரென்று இழுக்கும், இதயம் படபடக்கும். முதல் ஓரிரு நிமிடங்கள்தான் மிக ஆபத்தானவை. தடித்த உடையின்றி இறங்குவது அறிவுடைமை ஆகாது. உயரமும் ஒரு பிரச்சினை. 770 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 91 சதவீதம்தான். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது கடலோரத்தைவிடக் குறைந்த அழுத்தத்தைச் சந்திக்கிறது. குமிழாகப் பிரியும் வாய்ப்பு கூடுகிறது. 300 மீட்டருக்கு மேல் உள்ள ஏரிகளில் இறங்குவோர் இதற்காகத் தனிக் கணக்கைப் பின்பற்ற வேண்டும் என்பது மூழ்குபவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

மனிதருக்கு நேரும் ஆபத்தைத் தனிமனிதர் ஏற்றுக்கொள்ளலாம். ஏரிக்கு நேரும் ஆபத்தை யார் ஏற்பது? துடுப்புக்காலணி ஒருமுறை அசைந்தால் அடிமண் கலங்கும். கலங்கிய மண் புல்லிலைமேல் படிந்தால் வெளிச்சம் தடைப்படும். மண்ணில் புதைந்திருந்த பாஸ்பரஸும் நீரில் கலக்க வழி கிடைக்கும். நீரில் ஊறித் தளர்ந்த புல்தரை, கனமான கருவிகளோடு இறங்கும் கால்களைத் தாங்காது. இறங்குமிடங்களில் வேரோடு பெயர்ந்துவிடும். பெரிய ஏரியில் இதெல்லாம் கரைந்துபோகும். இவ்வளவு சிறிய, உணவுச்சத்து குறைந்த நீரில் ஒவ்வொரு தீங்கும் கண்ணுக்குத் தெரியும். 2016 முதல் மூழ்குதல் உள்ளிட்ட எல்லா நீர்விளையாட்டுகளும் இங்கே தடை செய்யப்பட்டன. இப்போது வருகிறவர்கள் ஏரியைச் சுற்றி நடக்கலாம், கரையில் நின்று பார்க்கலாம்.

இந்தத் தடை சரியானது என்பதே என் துணிபு. மூழ்குபவர்கள் எதைக் காண வந்தார்களோ அந்தத் தெளிவையே அவர்களுடைய வருகை அழிக்கும் நிலை இருந்தது. கரையிலிருந்து பார்த்தாலும் நீருக்கடியில் இருக்கும் பாதை தெளிவாகத் தெரிகிறது. தண்ணீருக்குள் இறங்கியவர் பெற்ற இன்பம் சில நூறு பேருக்கானது. கரையிலிருந்து காணும் இன்பம் அனைவருக்குமானது. பிந்தையதைக் காக்க முந்தையதை விட்டுக்கொடுப்பது நியாயம்.

பனி குறைந்தால்

ஆனால் கரையில் எழுதி வைக்கும் தடை மட்டும் ஏரியைக் காப்பாற்றாது. ஏரியின் உயரத்தைத் தீர்மானிப்பது முந்தைய குளிர்காலம். பனி குறைவாக விழுந்த ஆண்டுகளில் நீர் பலகைகள்வரை ஏறுவதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்ப்ஸ் சுமார் 2 டிகிரி வெப்பமடைந்திருக்கிறது. இது உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. 1971 முதல் 2019 வரை ஆல்ப்ஸ் எங்கும் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் அளவீடுகளை ஆராய்ந்தபோது, நவம்பர் முதல் மே வரையிலான பனியின் ஆழம் பத்தாண்டுக்குச் சராசரியாக 8 சதவீதம் குறைந்து வந்தது தெரிந்தது.

குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்தால் மொத்த நீர் குறையாமல் போகலாம். ஆனால் மழை காத்திருப்பதில்லை. ஜனவரியில் விழுந்த நீர் ஜனவரியிலேயே பாறைக்குள் இறங்கி ஊற்றில் வெளியேறிவிடும். மே மாதத்துக்கான சேமிப்பு இருக்காது. தொட்டி நிறையத் தேவை அதிக நீர் மட்டுமல்ல. சில வாரங்களுக்குள் குவிந்து வரும் நீர்.

மலை ஊற்றுநீரின் முக்கியத்துவத்தை வியன்னா நகரம் எப்போதோ உணர்ந்துவிட்டது. 1873இல் ரக்ஸ், ஷ்னேபெர்க் மலைகளின் ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1910இல் இரண்டாவது நீர்ப்பாதை திறக்கப்பட்டது. அது நீர் எடுப்பது இதே ஹோக்ஷ்வாப் மலையின் வடபுறத்து ஊற்றுகளிலிருந்து. சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தை நீர் தன் சரிவாலேயே ஏறக்குறைய 36 மணி நேரத்தில் கடந்து வியன்னாவை அடைகிறது. கார்ஸ்ட் மலை எதையும் வடிகட்டாது என்பதால், ஊற்றுகளுக்கு மேலே இருக்கும் காடுகளையும் மேய்ச்சல் வெளிகளையும் நகரம் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிறது. மலையின் ஒருபுறம் ஒரு தலைநகரத்தின் குடிநீர். மறுபுறம் ஒரு சிற்றூரின் ஏரி. இரண்டுக்கும் ஆதாரம் மேலே கிடக்கும் பனியே.

டிராகெஸுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், மே நடுவிலிருந்து ஜூன் இறுதிக்குள் போங்கள். புறப்படுமுன் அந்தக் குளிர்காலத்தில் மலையில் எவ்வளவு பனி விழுந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஏரி எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை அதுவே சொல்லிவிடும். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்; நீருக்குள் காலோ கல்லோ எதுவும் இறங்க வேண்டாம். இந்த ஏரி மட்டுமல்ல, ஊற்றுநீரால் வாழும் எந்த மலை ஏரிக்கும் இதே விதிதான் பொருந்தும்: அதன் கரையைக் காத்தால் பாதி வேலை முடிந்தது, அதற்கு நீர் அனுப்பும் மலையைக் காத்தால்தான் முழு வேலையும் முடியும்.